மூடிக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள்

சனிக்கிழமை இரவு எட்டே முக்கால். பெங்களூர் வீட்டில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து போன். வேடசந்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு அவருக்குக் கச்சேரி. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு.

"மாப்ள, நீ செஞ்சு குடுத்த பெட்டி செத்துப்போச்சு. மிதிக்கிறேன், ஒண்ணும் ஆகமாட்டேங்குது. லைட்டு மட்டும் எரியுது."

லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பண்ணியாச்சு. கேபிளை மாற்றச் சொன்னேன். மாத்தியாச்சு. பிறகு மைக்செட் அண்ணன் போனை வாங்கினார். அவர் பையில் சோல்டரிங் அயன் எப்போதும் இருக்கும்.

"தம்பி, மூடியத் தொறந்துட்டேன். எல்லா ஒயரும் கறுப்பா இருக்கு. மேல பூரா பசையா ஊத்தி வச்சிருக்கீங்க. எது காமன், எது சிக்னல்னு சொன்னீங்கன்னா அஞ்சு நிமிசத்துல பத்தவச்சுருவேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டியைச் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கையிலிருந்தது ஒரு சுருள் கறுப்பு ஒயர், அதையே ஆறு சுவிட்சுக்கும் போட்டேன். உறுதியாக இருக்கட்டும் என்று ஹாட் க்ளூவை மேலே ஊற்றினேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவசரமாக நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். அதில் சுவிட்ச் ஒன்று, சுவிட்ச் இரண்டு என்று இருந்தது. பெட்டிக்குள் எது ஒன்று, எது இரண்டு? செய்தவனுக்கே தெரியவில்லை.

மாமா அன்றிரவு ஒரு கையால் வாசித்து, மறு கையால் மவுஸைப் பிடித்து ஒலியை மாற்றினார். புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் வயலின் வந்தது. அடுத்த இரண்டு தேதிக்குக் குழுவில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். தேதிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் மனிதருக்கு இரண்டு தேதி என்பது சின்ன விஷயம் இல்லை.

எனவே இது என்மேல் நானே எழுதும் குற்றப்பத்திரிகை. ஆனால் கூண்டில் நான் தனியாக ஏறப் போவதில்லை.

*

முதலில் அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்கத் தேவையில்லை. அதுவே என் வாதத்தில் பாதி.

கீபோர்டு வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். சும்மா இருப்பது கால்தான். அதனால் காலால் மிதிக்கிற சுவிட்சுகள். ஒன்றை மிதித்தால் லேப்டாப்பில் ஓடும் மென்பொருள் பியானோவிலிருந்து வயலினுக்கு மாறும், இன்னொன்றை மிதித்தால் புல்லாங்குழல். உள்ளே ஏடிமெகா32யு4 என்ற சிப் வைத்த, கட்டைவிரல் அளவு போர்டு. அந்தச் சிப்புக்கு யூஎஸ்பி தானாகவே பேசத் தெரியும். கம்ப்யூட்டரில் செருகினால், 'நான் ஒரு மிடி கருவி' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டே ஒயர். ஒன்று சிப்பின் ஒரு காலுக்குப் போகிறது. மற்றது காமன், அதாவது கிரவுண்ட். சிப்புக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அந்தக் காலை 5 வோல்ட்டில் தூக்கிப் பிடித்திருக்கும். சுவிட்சை மிதித்ததும் கால் கிரவுண்டைத் தொடும், மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு விழும். சிப் அதைக் கவனித்து, யூஎஸ்பி வழியாகச் சில பைட்டுகளை அனுப்பும். இவ்வளவுதான் விஷயம். ஆறு சுவிட்சுக்கு ஆறு சிக்னல் ஒயர், ஒரு காமன்.

காகிதத்தில் இவ்வளவுதான். கை வைக்கும்போதுதான் மீதி வெளியே வருகிறது.

சுவிட்சின் உலோகத் தகடு ஒருமுறை தொட்டு நிற்பதில்லை. சில மில்லி செகண்டுகள் துள்ளும். சிப் வேகமானது, ஒரு மிதியை ஐந்து மிதியாக எண்ணிவிடும். அதைத் தடுக்க நிரலில் கொஞ்சம் பொறுமை எழுத வேண்டும், இல்லையென்றால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 நானோஃபாரட் கெபாசிட்டரும் போட்டு ஒரு மில்லி செகண்ட் அளவுக்கு அந்தத் துள்ளலை மழுக்க வேண்டும். கிட்டார் பெடலுக்கென்று கடையில் கொடுக்கும் ஒன்பது கால் சுவிட்சு மிதித்தால் அப்படியே நின்றுகொள்ளும் வகை. நமக்கு வேண்டியது காலை எடுத்ததும் திரும்பிவிடும் வகை. நான் முதலில் வாங்கி வந்தது தப்பானது. அதில் அயனை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகிச் சுவிட்சே போய்விடும். அப்படி இரண்டு போனது.

யூஎஸ்பி கேபிளிலும் ஒரு கூத்து உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கேபிள்களில் சிலவற்றில் சார்ஜ் ஏற்றும் ஒயர் மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் இரண்டு ஒயர்களே இருக்காது. லைட் எரியும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியில் டைப் சி சாக்கெட் வைத்தால் அதன் இரண்டு சிசி கால்களிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அதை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் மின்சாரமே வராது. லேப்டாப் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொட்டால், நடுவே 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் உட்கார்ந்துகொள்ளும்.

இதெல்லாம் கைகளில் சேரும் அறிவு. ஒருவர் சுட்டுக்கொண்டு கற்றதை எழுதி வைத்தால் அடுத்தவர் சுட்டுக்கொள்ளாமல் தப்பிக்கலாம். எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் புதிதாகச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

*

இதை நான் ஏன் செய்தேன்? மாமா முன்பு நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு பெடல் வைத்திருந்தார். அதன் சாக்கெட் ஆடிப்போனது. சர்வீஸ் சென்டரில், "போர்டை முழுசா மாத்தணும், இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்லை, புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். சர்க்யூட் படம் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை, ஹோட்டலில் சாம்பாருக்குச் செய்முறை கேட்டவனைப் பார்ப்பது மாதிரி இருந்தது. கோபத்தோடு வெளியே வந்தேன். அந்தக் கோபத்தில்தான் சொந்தமாகச் செய்தேன். எட்டு மாதம் கழித்து நான் கொடுத்ததும் அதே மாதிரி மூடிய பெட்டிதான் என்று தெரிந்தது. அந்த நிறுவனத்துக்காவது லாபம் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு இருந்தது சோம்பல் மட்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பின் அட்டையிலேயே சர்க்யூட் படம் இருக்கும். ஐம்பது, அறுபதுகளின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்குள் எந்த வால்வு எங்கே என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 1978இல் வந்த கையேட்டில் முழு சர்க்யூட் படமும் அச்சாகியிருந்தது. ஆமாம், அதே ஆப்பிள்.

மாமாவின் பெட்டி பேசுகிற மிடி மொழியே அந்தக் காலத்தின் கொடை. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். 1983 ஜனவரியில் ஒரு நிறுவனத்தின் ப்ராஃபெட் 600, இன்னொரு நிறுவனத்தின் ஜுபிடர் 6, இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதில் கேட்டது. அதற்கு ராயல்டி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2013இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. எந்தக் கம்பி எங்கே, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எழுதி எல்லோருக்கும் கொடுத்ததால்தான் நாற்பது ஆண்டு கழித்து வேடசந்தூரில் ஒரு கீபோர்டுக்காரர் காலால் புல்லாங்குழலை அழைக்க முடிகிறது. எழுதிக் கொடுத்ததுதான் அங்கே கண்டுபிடிப்பு.

அப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மிடி உலகத்திலேயே உதாரணம் உண்டு. கருவிகள் சிறிதானபோது பழைய ஐந்து முள் பிளக்குக்குப் பதிலாக ஹெட்ஃபோன் பிளக் மாதிரியான 3.5 மில்லிமீட்டர் பிளக் வந்தது. எந்த வளையத்தில் எந்த ஒயர் என்று பொதுவாக எழுதிக்கொள்ளாமல் ஆளுக்கொரு விதமாக இணைத்தார்கள். பார்க்க ஒரே கேபிள், ஒன்றில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. 2018இல்தான் ஒரு முறையைத் தேர்ந்து தரமாக அறிவித்தார்கள். இரண்டு ஒயரைப் பற்றி ஒரு பக்கம் எழுதாததற்கு எத்தனை மேடைகளில் எத்தனை பேர் குனிந்து கேபிளை ஆட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்!

*

இதற்கு என் துறை நண்பர்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"வரைபடத்தைக் கொடுத்தா காப்பியடிப்பாங்க." காப்பியடிக்கிற நிறுவனம் உங்கள் பெட்டியை ஒன்று வாங்கி, ஒரு வாரத்தில் பிரித்து வரைந்துவிடும். அதனிடம் எக்ஸ்ரே இருக்கிறது, சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. உங்கள் ரகசியம் தடுப்பது மைக்செட் அண்ணனை மட்டும்தான்.

"இப்ப எல்லாம் கடுகு சைஸ் பார்ட்ஸ், யாரு ரிப்பேர் பண்ண முடியும்?" பெடலில் சிப் சாவது அபூர்வம். போவதெல்லாம் சாக்கெட், சுவிட்சு, ஒயர். மிதிபடுகிற, ஆடுகிற, இழுபடுகிற பாகங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பவை. மைக்செட் அண்ணனின் அயனுக்கு அது தாராளமாகப் போதும்.

"ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?" 230 வோல்ட் இருக்கும் இடத்தில் இது நியாயமான கேள்வி. பதில் வரைபடத்திலேயே இருக்கிறது: அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு 'தொடாதே' என்று எழுதுங்கள். யூஎஸ்பியில் ஓடும் கால் சுவிட்சுக்கு வருவது 5 வோல்ட். அங்கே இந்தப் பேச்சு சாக்கு.

"கிட்ஹப்ல போட்டிருக்கேனே." இதைச் சொல்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் நானும் அந்த ஜாதி. இரவு எட்டே முக்காலுக்கு, ஜெனரேட்டர் சத்தத்தில், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், மைக்செட் அண்ணன் உங்கள் ஆங்கில ரீட்மீயைத் தேடிப் படிக்க வேண்டுமா? பெட்டி எங்கே போகிறதோ வரைபடமும் அங்கே போக வேண்டும். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகத் தேடினால் அவராலும் கண்டுபிடிக்க முடியும், அரை மணி நேரம் ஆகும். மேடையில் அரை மணி நேரம் என்பது ஐந்து பாட்டு.

வெளியே கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ராஸ்பெர்ரி பை 4 நல்ல உதாரணம். 2019இல் வந்தது. மேலே சொன்ன இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக, இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டுவிட்டார்கள். சிலவகை கேபிள்களில் மின்சாரம் ஏறவில்லை. அவர்கள் சுருக்கமாகவாவது சர்க்யூட் படத்தை வெளியிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து வெளியாட்கள் தவறைச் சுட்டிக்காட்டினார்கள், நிறுவனம் ஒப்புக்கொண்டு பிந்தைய போர்டுகளில் திருத்தியது. இதில் யாருக்கும் மானம் போகவில்லை.

*

ஆனால் லாபம், பயம், சோம்பல் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் தப்பித்துக்கொள்வதாக ஆகும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் நான்கு வருடம் படித்தேன். சோல்டரிங் அயனைப் பிடித்தது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்கலாம். லேபில் ஒயர் சுற்றுவது, ஈயம் பத்தவைப்பது எல்லாம் லேப் அண்ணனின் வேலை. அவர் இணைத்து வைப்பார், நாங்கள் ரீடிங் எடுப்போம், ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துப் படம் போடுவோம், சார் கையெழுத்து போடுவார். ஃபைனல் இயர் புராஜெக்ட் எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ரிச்சி தெருவில். அந்த லேப் அண்ணனுக்கு எங்கள் எல்லோரையும்விட சர்க்யூட் தெரியும். அவர் பெயரை எந்த ரெக்கார்டு நோட்டிலும் நாங்கள் எழுதியதில்லை.

மூளை வேலை மேலே, கை வேலை கீழே. இந்தப் பாடத்தைக் கல்லூரி எங்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை, வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தோம். யார் கை எதைத் தொடலாம் என்று ஆயிரம் வருடமாக எழுதி வைத்திருக்கிற ஊர் இது. இசையில் அது இன்னும் பச்சையாகத் தெரியும். மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, அதன் நாதத்தையே உண்டாக்கும் தலித் கைவினைஞர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுத 2020 வரை ஆனது. வாசித்தவர்களுக்குப் பட்டங்கள் வந்தன, செய்தவர்களுக்கு வாசல் வரைதான்.

என் பெட்டியை மிருதங்கத்தோடு ஒப்பிடும் ஆணவம் எனக்கில்லை. அந்தத் தோலுக்குப் பின்னால் இருக்கும் இழிவும் வலியும் என் ஒயரில் இல்லை. ஆனால் என் சோம்பல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அந்தத் திசையில்தான் போய் நிற்கிறது. நிரல் எழுதும்போது நான் ஒவ்வொரு வரிக்கும் கணக்கு வைத்தேன். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று வரலாறே இருக்கிறது. ஒயருக்கு ஏன் வைக்கவில்லை? ஒயர் எழுதத் தகுந்த விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நிரல் என் வேலை, ஒயர் யாருடைய வேலையோ. அதைத் திறக்கப் போகிறவர் என்னைப் போல இன்னொரு இன்ஜினியர் என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பேன். மைக்செட் அண்ணன் என் கணக்கிலேயே வரவில்லை.

சொந்தமாகச் செய்கிறோம் என்று படம் போடும் நம் கூட்டமும் இதில் சேர்த்திதான். பெட்டியின் மேல்புறத்துக்கு மரச்சட்டம், வண்ண விளக்கு, நல்ல வெளிச்சத்தில் நாலு போட்டோ. உள்ளே என் கறுப்பு ஒயர் மாதிரிதான். வாங்குகிறவனைவிட நாம் மேல் என்று ஒரு மிதப்பு வேறு. நாம் செத்துப்போனாலோ, வேலை மாறிப் போனாலோ, சும்மா மறந்துபோனாலோ அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் வழி இல்லையென்றால், நாம் செய்தது பொம்மை.

*

அடுத்த வெள்ளி இரவு பஸ் ஏறி திண்டுக்கல் போனேன். பசையைக் கத்தியால் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்துத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஆறு சுவிட்சுக்கும் காமன் ஒயரைச் சங்கிலி மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்திருந்தேன். போர்டிலிருந்து முதல் சுவிட்சுக்கு வரும் இடத்தில் ஒயர் ஒடிந்திருந்தது. ஒற்றைக் கம்பி ஒயர். தினமும் மிதிபடுகிற பெட்டியில் அது ஒடியாமல் என்ன செய்யும்? பல இழை ஒயர் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு இடம் விட்டதால் ஆறும் செத்தது. போர்டுக்கு மின்சாரம் வந்தபடி இருந்ததால் லைட் எரிந்தது, நாங்கள் லேப்டாப்பைச் சந்தேகித்தோம். ஒரு சொட்டு ஈயத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

மைக்செட் அண்ணன் வந்து பார்த்தார். திட்டவில்லை. "காமனைப் பச்சையில போடுங்க தம்பி, எங்க தொறந்தாலும் தெரியும்" என்றார்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். காமனுக்குப் பச்சை, ஆறு சிக்னலுக்கு ஆறு நிறம், இணைப்பு தெரியும்படி, பசை இல்லாமல். காமனைச் சங்கிலியின் இரண்டு முனையிலிருந்தும் போர்டுக்குக் கொண்டுவந்தேன், ஒரு இடம் ஒடிந்தாலும் மற்ற வழி இருக்கும். பிறகு ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, தமிழில், கையால் வரைந்தேன். எந்தச் சுவிட்சு எந்த நிறம், எந்தக் கால். எந்த வகை சுவிட்சு வாங்க வேண்டும். எல்லாச் சுவிட்சும் ஒரேயடியாகச் செத்தால் முதலில் பச்சையைப் பார். லைட் எரிந்தும் லேப்டாப்புக்குத் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்று. நிரல் எங்கே இருக்கிறது, நான் இல்லாவிட்டால் யாரும் எப்படி ஏற்றலாம். தாளின் மேல் அகலமான செல்லோ டேப் ஒட்டி மூடியின் உட்புறத்தில் பதித்தேன். மொத்தம் இருபது நிமிடம்.

இருபது நிமிடம்தான் நான் கேட்பது. ஒரு பெடலோ, அலாரமோ, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கருவியோ, எதையாவது செய்து யாருக்காவது கொடுத்தால் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள். படம் தெரிந்த மொழியில் இருக்கட்டும். நிறுவனத்தில் வேலை செய்பவராக இருந்தால் மீட்டிங்கில் ஒருமுறையாவது கேளுங்கள், சர்க்யூட் படம் ஏன் பெட்டியோடு போகவில்லை என்று. பதில் எனக்குத் தெரியும். கேள்வி அவர்கள் காதில் விழ வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். செல்லோ டேப்பின்மேல் நீல மார்க்கரில் இரண்டு திருத்தங்கள். நான் மூன்றாம் சுவிட்சுக்கு மஞ்சள் என்று எழுதியிருந்தேன், அது உண்மையில் ஆரஞ்சு. அதை அடித்துச் சரியாக எழுதியிருந்தார். கீழே சின்ன எழுத்தில், '5வது சுவிட்ச் மாத்தியாச்சு' என்று தேதி போட்டிருந்தது. எனக்கு யாரும் போன் செய்யவில்லை.